மெய்யம்மை வந்த வீடு

"வயசான நாயா? அது இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்?"

பத்து வயது நாயான மெய் மெய்யைக் காப்பகத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த புதிதில் சின்னம்மா தொடங்கி முனைக் காப்பிக்கடை அண்ணன் வரைக்கும் எல்லாரும் கேட்டது இதைத்தான். யாரும் கெட்ட மனசோடு கேட்கவில்லை. நாய் வளர்ப்பதென்றால் குட்டியிலேயே பிடித்து வளர்க்க வேண்டும், அப்போதுதான் நம்மோடு ஒட்டும், சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம் குடும்பங்களில் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். பத்து வயது நாயோடு வாழ்ந்து பார்த்தவள் என்ற முறையில் அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

பினாங்கில் வயதான நாய்கள் எப்படிக் காப்பகத்துக்கு வந்து சேர்கின்றன என்பதை முதலில் சொல்கிறேன். 'ஏதோ கோளாறு இருந்திருக்கும், அதான் விட்டுட்டாங்க' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த, விசாரித்த நாய்களின் கதை வேறு. தரைவீட்டை விற்றுவிட்டுக் குடும்பம் அடுக்குமாடிக்குப் போகிறது. அங்கே நிர்வாகம் நாய்க்கு அனுமதி தருவதில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிவிட, இங்கே தனியாக இருந்த அம்மாவோ அப்பாவோ தவறிவிடுகிறார், இல்லையென்றால் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். நாய் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை. மனிதர்களின் வாழ்க்கை மாறுகிறது, நாய்க்கு வீடு போகிறது.

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. அம்மா நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நாய் இல்லாத வீடே கிடையாது என்பார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகிறவர்களோடு நாய்களும் போகும். பாம்பு இருந்தால் முதலில் அவைதான் சொல்லும். பிறகு தோட்டங்கள் கைமாறின. பால்மரம் நின்ற இடத்தில் தாமான் என்கிற குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனபோது நாய்களைக் கூட்டிப்போக யாருக்கும் வழியில்லை. அம்மா வீட்டு நாயும் லயத்திலேயே தங்கிப்போனது. அதன் பேரைக்கூட அம்மா அதிகம் சொல்லமாட்டார்.

ஜெலுத்தோங் ஜெட்டி சாலையில் இருக்கிற எஸ்.பி.சி.ஏ. எனும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்துக்கு நாங்கள் போனபோதும் குட்டிகள் இருந்த கூண்டைச் சுற்றித்தான் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் குட்டி வேண்டாம் என்பதில் சந்தேகமே இல்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான், அவருக்கு முட்டிவலி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தூக்கிப் போகவும், செருப்பையும் நாற்காலிக் காலையும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளவும், பல் முளைக்கும் மாதங்களைத் தாண்டவும் ஆள் வேண்டும். குட்டி நாய் இன்னும் என்னவாக வளரும் என்று யாருக்கும் தெரியாது. அதன் உயரம், குணம், சத்தத்துக்குப் பயப்படுமா, பூனையைத் துரத்துமா, எல்லாமே ஊகம்தான். வளர்ந்த நாயிடம் இவையெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. காப்பகத்துப் பெண் மெய் மெய்யைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றும் பார்த்துச் சொன்னது: குரைப்பது குறைவு, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தாலும் உறுமாது, குழந்தைகளைக் கண்டால் ஒதுங்கி நிற்கும், கூண்டுக்குள் அசிங்கம் செய்யாமல் வெளியே விடும் வரை அடக்கிக்கொள்ளும்.

பழுப்பு நிறம், மூக்கைச் சுற்றி மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பும் பாதி நரைத்துவிட்டது. சாதாரணக் கம்போங் நாய், நாட்டு நாய்தான். வளர்த்த சீனக் கிழவி காலமாகிவிட்டார், அவருடைய பிள்ளைகள் இருப்பது கோண்டோ அடுக்குமாடியில். 2015 செப்டம்பரில் இந்தத் தீவில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டு, தெருநாய்களைக் கொன்றுவிடுவதென்று மாநில அரசு முடிவெடுத்ததும், விலங்குநல அமைப்புகள் அதை எதிர்த்து நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வருடம் மெய் மெய் சின்னப் பெண்ணாக இருந்திருப்பாள். யாரோ ஒருவர் அவளைக் கதவுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அந்தப் பாட்டியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் வளர்த்த விதம் பூராவும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அம்மா காப்பகத்தில் கேட்டது ஒரே கேள்வி. "இது பழைய வீட்டைத் தேடுமா?"

தேடினாள். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. முதல் சில நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு எழுந்து போய் முன்கேட்டில் மூக்கை வைத்து நிற்பாள். அந்த நேரத்துக்கு முன்பு யாரோ வீடு திரும்பியிருக்க வேண்டும். நாய் புதிய வீட்டில் அடங்க மூன்று நாள், பழக மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். வயதான நாய்க்கும் கணக்கு அதுதான், கூடுதலாக ஒன்றுமில்லை. அவளைத் தொந்தரவு செய்யாமல் விட்டோம். பெரிய அறிமுகம், சொந்தக்காரர் கூட்டம், ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டில் நிற்கும் அந்த வழக்கம் நிற்கவே இல்லை, ஆனால் நேரம் மாறியது. ஒருநாள் பார்த்தால் என் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு நிற்கிறாள்.

குட்டியில் வளர்த்தால்தான் ஒட்டும் என்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். ஒட்டுவதற்குத் தெரிந்த நாய் அது. ஒரு மனுஷியோடு பத்து வருடம் வாழ்ந்து, அவருடைய நடையையும் தும்மலையும் கோபத்தையும் படித்த நாய்க்கு இன்னொரு மனுஷியைப் படிப்பது எளிது. எப்படிச் செய்வது என்று அதற்கு ஏற்கெனவே தெரியும்.

அவளுக்குத் தெரிந்த பாஷை ஹொக்கியன், இங்கத்துச் சீனர்கள் பேசுவது. பினாங்குக்காரர்களுக்கு அது ஒரு பிரச்சினையா? "லாய்" என்றால் வருவாள், "ச்சே" என்றால் உட்காருவாள். அம்மா அதையே பிடித்துக்கொண்டு, சந்தையில் மீன்காரரிடம் பேசும் அதே ஹொக்கியனில் அவளிடமும் பேச ஆரம்பித்தார். பேர் மட்டும் அம்மா வாயில் மெய்யம்மை ஆகிவிட்டது. இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய் மக்சிக், வயதான அம்மா, இருக்கிறார். நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் என்பது அவர்களுடைய மார்க்கம். பல இனத்தவர் கலந்து வாழும் அக்கம்பக்கத்தில் நாய் வைத்திருப்பவர்கள் அதை மதித்தே ஆக வேண்டும். துள்ளிக்கொண்டு வேலிக்கு மேல் தாவும் இளம் நாயாக இருந்தால் எனக்குத் தினமும் மனக்கலக்கமாக இருந்திருக்கும். மெய் மெய் யார் மேலும் தாவ மாட்டாள். கயிறோடுதான் வெளியே போவாள், மக்சிக் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தால் நின்று, அவர் முடித்த பிறகு நடப்பாள். சில மாதத்தில் மக்சிக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அவள் சாப்பிட்டாளா என்று அம்மாவிடம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார். நம் நாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு இந்த நிதானம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இனி மருத்துவச் செலவு. 'வயசான நாய் என்றால் ஆஸ்பத்திரிக்கே கொட்ட வேண்டியிருக்கும்' என்ற பயம் நியாயமானதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குட்டிக்கு மட்டும் என்ன செலவில்லையா? தொடர் தடுப்பூசி, கருத்தடை, பார்வோ என்ற தொற்றுநோய் வந்துவிட்டால் நாட்கணக்கில் மருத்துவமனை. வயதான நாய்க்கு வரக்கூடியவை வேறு, ஆனால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தேடிக் கண்டுபிடிக்கக்கூடியவை. எங்கள் மருத்துவர் முதலில் எடுத்தது ரத்தம். சில சொட்டு ரத்தத்தை ஒரு சின்னப் பெட்டியில் விட்டுப் பத்து நிமிடத்தில் இருதயப் புழுவும் உண்ணிக் காய்ச்சலும் உண்டா என்று பார்த்தார். இருதயப் புழு கொசுவால் பரவுவது. நம் ஊரில் வருடம் முழுக்கக் கொசு இருப்பதால் மாதாந்திரத் தடுப்பு மருந்து கண்டிப்பாக வேண்டும், ஆனால் பரிசோதிக்காமல் அதைத் தொடங்கக் கூடாது. உடம்பில் ஏற்கெனவே புழு இருந்தால் ஆபத்தாகலாம். பிறகு சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று அளவெடுத்தார்.

கண்ணில் நீலச் சாம்பல் படலம் தெரிந்தது. எனக்குக் கண்புரை என்றுதான் பயம். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது புரை இல்லை, வயதாக ஆகக் கண்வில்லை இறுகுவதால் வருவது, பார்வை பெரிதாகக் கெடாது என்றார். விலாவில் இருந்த மெத்தென்ற கட்டியை ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார், வெறும் கொழுப்பு. உண்மையான தொல்லை வாயில்தான் இருந்தது. பின்பற்கள் காரை படிந்து, ஈறு பழுத்து, இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தன. இத்தனை வயதில் மயக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்டேன். வயதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், இதயமும் ரத்த அளவும் என்ன சொல்கின்றன என்று பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்று பொறுமையாக விளக்கினார்.

பல் சிகிச்சையோடு செலவு ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்டை) நெருங்கியது. அதன் பலனை ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். காரணம் தெரியாமல் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், தூங்கித் தூங்கி விழுந்தவள், புண் ஆறிய பிறகு காலையில் வாலாட்டிக்கொண்டு அம்மாவின் கட்டில்காலைத் தட்டினாள். அவளுக்கு வயதாகிவிட்டது என்று நாங்கள் நினைத்ததில் பாதி, பல்வலி. எத்தனை நாய்கள் 'வயசாயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையில் வலியோடு மூலையில் படுத்திருக்கின்றன என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. தயவுசெய்து பல்லைப் பாருங்கள். மூட்டுவலிக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன, ஆனால் மருத்துவர் தருவதை மட்டும் கொடுங்கள். வீட்டில் இருக்கிற பனடோலையோ புரூஃபனையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அவை நாய்க்கு விஷமாகலாம். மீந்த கறிச்சோறும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்துக்கு ஆகாது. எங்கள் வீட்டில் உப்பு, மசாலா சேர்க்காமல் கோழி, சோறு, பரங்கிக்காய் தனியாக வேகும், கூடவே மருத்துவர் சொன்ன உணவு.

நாய் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது என்பார்கள். 2020இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் லேப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் ரசாயன மாற்றங்களை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, அந்தக் கணக்கு சரியில்லை என்று காட்டினார்கள். நாய் முதல் வருடத்திலேயே முப்பது வயது மனிதரை எட்டிவிடுகிறது. அப்புறம் வேகம் குறைந்துகொண்டே போகிறது. அந்தக் கணக்கில் பத்து வயது நாய்க்கு ஏறத்தாழ 68. கம்போங் நாய்க்கு அப்படியே பொருந்துமோ என்னவோ, எங்கள் வீட்டில் அது அம்மாவின் வயதுக்குப் பக்கத்தில் வந்தது.

அவர்கள் இருவருடைய காலைநடையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன் என்று சொல்லலாம். முட்டிவலி வந்ததிலிருந்து அம்மா வெளியே நடப்பதை நிறுத்தியிருந்தார். நான் கூப்பிட்டால் வர மாட்டார்; நான் வேகமாக நடக்கிறேன், அவருக்காக நிற்கிறேன், நிற்பது அவருக்குத் தெரிகிறது. மெய் மெய் யாருக்காகவும் மெதுவாக நடக்கவில்லை. அவளுடைய நடையே அதுதான். பத்தடி நடப்பாள், ஒரு மின்கம்பத்தை அக்கறையாக மோந்து பார்ப்பாள், அதற்குள் அம்மா மூச்சு வாங்கிக்கொள்வார், மறுபடி பத்தடி. பினாங்கில் ஏழு மணிக்குப் பிறகுதான் பளபளவென்று விடிகிறது. தார் சூடேறுவதற்கு முன், அந்த இருட்டு பிரியும் நேரத்தில் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். பார்வை மங்கிய நாய் மூடாத லோங்காங்கில் விழுந்துவிடும் என்று அம்மா எப்போதும் சாக்கடைப் பக்கம் தான் நடந்து, அவளை உள்பக்கம் விடுவார். திடலில் உடற்பயிற்சி செய்யும் சீனப் பாட்டிகளோடு பேச்சு, காப்பிக்கடை வாசலில் கொஞ்சம் உட்காருதல், திரும்பி வருதல். முதலில் தெருமுனை வரை. பிறகு திடலைச் சுற்றி. அம்மாவின் சர்க்கரை அளவைப் பார்த்து, என்ன செய்தீர்கள் என்று கிளினிக்கில் கேட்டார்கள். நாய்க்குத் துணையாகப் போகிறேன் என்றார் அம்மா.

வீட்டுக்குள் நாங்கள் மாற்றியது சொற்பம். வழுக்கும் மொசைக் தரையில் அவள் பின்னங்கால் விரிந்துபோகும். படுக்கையிலிருந்து தண்ணீர்த் தட்டு வரை ரப்பர் பாய் விரித்தோம். அதே பாயில் அம்மாவும் பயமில்லாமல் நடந்தார்.

வயதில் மெய் மெய்க்குக் காது மந்தமானதில் ஒரு நன்மை இருந்தது. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளை ஹொக்கியன் மக்கள் வானத்து அரசரின் பிறந்தநாளாகக் கொண்டாடுவார்கள். முந்தைய இரவு நடுநிசிக்குச் சியூ ஜெட்டி பக்கம் வெடிக்க ஆரம்பித்தால் ஜெலுத்தோங் வரைக்கும் அதிரும். தீபாவளி வெடி வேறு. இளம் நாய்கள் அந்த இரவுகளில் படும் பாட்டைச் சொல்லி முடியாது, வேலி தாண்டி ஓடித் தொலைந்துபோகிற நாய்களும் உண்டு. இவள் நன்றாகத் தூங்கினாள்.

கடைசி வருடத்தில் இரவு நேரக் குழப்பம் வந்தது. நடுராத்திரியில் எழுந்து சுவரைப் பார்த்து நிற்பாள், எங்கே திரும்புவது என்று தெரியாது. மனிதருக்கு வரும் மறதி நோயைப் போன்ற ஒன்று நாய்களுக்கும் வரும். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். நாங்கள் தரையோரம் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டோம், மேசை நாற்காலியை இடம் மாற்றவே இல்லை. சிறுநீரகம் தளர்ந்தபோது எதுவரை போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று மருத்துவரோடு முன்னமே பேசி வைத்திருந்தோம். சாப்பாடு, எழுந்து நிற்பது, என்னைப் பார்த்து வாலாட்டுவது, இந்த மூன்றில் இரண்டு போய்விட்டால் இழுக்க வேண்டாம் என்பது ஏற்பாடு. அப்படியே செய்தோம். அம்மா கூடவே இருந்தார், வெளியே போய் நிற்கச் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கும் குறைவுதான் எங்களோடு இருந்தாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில்: அவ்வளவு நாளைக்கு. அதில் ஒரு நாள்கூட அரைகுறையாக இல்லை. குட்டியிலிருந்து பதினைந்து வருடம் வளர்த்தவர்களின் துக்கம் எனக்குத் தெரியாது, ஆனால் என் துக்கம் சின்னதாக இருக்கவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. அவள் கடைசிக் காலத்தைக் கம்பிக் கூண்டுக்குள் கழிக்கவில்லை. ரப்பர் பாயில், தன் பேர் சொல்லிக் கூப்பிட்ட இருவருக்கு நடுவில் கழித்தாள். அந்தத் திருப்தியை வேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை.

லயத்தில் விட்டு வந்த நாயின் பேரை அம்மா சொன்னது அதற்குப் பிறகுதான். டைகர். மரம் சீவப் போகும் தாத்தாவுக்கு முன்னால் ஓடும் நாய். ஒரு சாயங்காலம் முழுக்க அதைப் பற்றியே பேசினார்.

எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவத்துக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்க முடியாத வீடு, ராத்திரி ஒருமுறை எழுந்திருக்க முடியாத வீடு, கூட இருப்பவர்களுக்கு நாயே பிடிக்காத வீடு, இவையெல்லாம் அவசரப்பட வேண்டாம். உள்ளாட்சி மன்றத்தில் நாய்க்கு வருடாந்திர உரிமம் எடுங்கள். தத்தெடுக்கும் முன் காப்பகத்தில் கேட்க வேண்டியவை: முன்பு யாரோடு இருந்தது, எதற்காக விடப்பட்டது, மற்ற நாய், பூனையோடு எப்படி, கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது. ஒரே தடவை பார்த்து முடிவெடுக்காமல், இரண்டு மூன்று முறை போய்க் கொஞ்சம் வெளியே நடத்திப் பாருங்கள். குட்டிகளின் கூண்டைத் தாண்டி உள்ளே போங்கள். சத்தம் போடாமல் படுத்திருப்பவைகளிடம் நின்று பேசுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பவனுக்குக் காப்பகத்தில் வைத்த பேர் அங்கிள். உயரமான கறுப்பு நாய், தாடை முழுக்க வெள்ளை. தமிழ் புரிகிறது, ஆகவே அவனை வளர்த்தவர்கள் நம் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். "உக்காரு" என்றால் உடனே உட்காருகிறான், சாப்பாடு வைத்தால் "சாப்பிடு" என்று சொல்லும் வரைக்கும் தொடுவதில்லை. யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கும் பல்தான் பிரச்சினை. வியாழக்கிழமை சிகிச்சைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், ரத்த அளவெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. அன்றைக்கு ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன். மெதுவாக மெல்ல என்ன கொடுக்கலாம் என்று அம்மா இப்போதே மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதி வைத்துவிட்டார்.